ஒரு தகடு, பல பதிவுகள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வொன்றில், சித்திர அறைக்கு அச்சுப்பொறி பெறும் திட்டத்தை விளக்கி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவொன்றில் ஒரு டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ குருதியமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இன்று அந்த இரண்டுக்கும் விடுமுறை. பகலில் நான் சுவாச நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். கடந்த சில வருடங்களாக வாரத்தில் ஒரு மாலை, நான் வசிக்கும் இங்கிலாந்து நகரில் உள்ள அச்சோவியப் பட்டறை ஒன்றுக்குப் போய் வருகிறேன். செப்புத் தகட்டில் படம் கீறி, அதைக் கடதாசியில் பதித்தெடுக்கும் பழைய கலை அது. அந்தக் காரணத்தால்தான் செயலாளர் என்னைப் பிடித்தார்.

நூற்றாண்டுக்காக எங்கள் பிள்ளைகள் செய்த ஓர் அச்சோவியத்தைக் கையால் நூறு பதிவுகள் எடுத்து, உலகெங்கும் உள்ள கிளைகளுக்கும் உறுப்பினர்களுக்கும் கொடுப்பது என்று சங்கம் எண்ணியிருக்கிறது. அதற்காகச் சித்திர அறையில் ஒரு சிறிய அச்சுப்பொறி வைக்க வேண்டும். இதைக் கேட்டதும் சில அக்காமார் ஒரு கேள்வி எழுப்பினார்கள். "நல்ல ஓவியம் ஒன்றைப் படமெடுத்துக் கொழும்பில் கொடுத்தால் ஆயிரம் பிரதி ஒரே நாளில் வந்துவிடுமே, பிறகு ஏன் இந்த மினக்கேடு?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் நிற்கிறேன். பதிலை வாயால் சொல்வதைவிட, ஓர் அச்சோவியம் எப்படி உருவாகிறது என்று முதலிலிருந்து கடைசிவரை சொல்லிக்கொண்டு போனால் அது தானாக விளங்கும்.

நீங்கள் எல்லோரும் ஏற்கனவே அச்சோவியம் செய்தவர்கள்தான். சின்ன வகுப்பில் வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி, மையில் தோய்த்து, கொப்பியில் குத்தியது நினைவிருக்கும். ஐந்து மூலைப் பூ ஒன்று விழும். வெண்டிக்காயில் மேடாக இருக்கிற சதையில் மை பட்டது, குழியாக இருக்கிற இடம் வெள்ளையாக விட்டது. மேட்டில் மை பூசிப் பதிப்பது ஒரு முறை. மரக்கட்டையில் செதுக்குவதும், லினோவில் செதுக்குவதும் இந்த வகைதான். செப்புத் தகட்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே பள்ளத்துக்குள் மை நிற்கும், மேடு சுத்தமாகத் துடைக்கப்படும். பிறகு ஈரக் கடதாசியைப் பெரும் அழுத்தத்தில் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளி, மையை வெளியே எடுக்க வேண்டும். இந்த இரண்டு முறையையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒல்லாந்து நாட்டு ஓவியர் ரெம்பிராண்ட் 1648ஆம் ஆண்டளவில் செய்தது. அகலம் ஏறத்தாழ 39 சென்ரிமீற்றர், உயரம் 28. நடுவில் இயேசுநாதர் நிற்கிறார். அவருக்கு முன்னால் பாயில் கிடக்கும் ஒரு பெண், தள்ளுவண்டியில் கொண்டுவரப்பட்ட ஒரு நோயாளி, கைபிடித்து நடத்திவரப்படும் கண் தெரியாத ஒரு கிழவர். எங்கள் ஆஸ்பத்திரிகளின் ஓ.பி.டி. வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் புதிதல்ல. இந்தப் படத்தின் ஒரு பதிவுக்கு அந்தக் காலத்திலேயே நூறு கில்டர் விலை போனதென்று பேச்சு எழுந்து, 'நூறு கில்டர் அச்சு' என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. லண்டனில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அச்சோவியங்களுக்கென்று ஒரு வாசிப்பறை உண்டு. முன்கூட்டியே நேரம் கேட்டுப் போனால், யாராக இருந்தாலும் மேசையில் வைத்துக் கிட்டவாகப் பார்க்கலாம். லண்டனில் இருக்கும் சகோதரிகள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலாவது தகடு. ஒரு மில்லிமீற்றர் அல்லது சற்றுக் கூடிய தடிப்புள்ள செம்பு. அதன் நான்கு விளிம்புகளையும் அரத்தால் சரிவாக அராவ வேண்டும். கூரான விளிம்பை விட்டால் அழுத்தத்தில் கடதாசியையும் கம்பளியையும் வெட்டிவிடும். பிறகு மேற்பரப்பைக் கண்ணாடிபோல மெருகூட்ட வேண்டும், ஏனென்றால் தகட்டில் உள்ள ஒவ்வொரு கீறலும் மையைப் பிடித்துக்கொண்டு படத்தில் வந்து நிற்கும். அதன் பிறகு எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். எங்கள் பட்டறையில் இதற்குச் சுண்ணத்தூளும் சோயா சோஸும் பாவிக்கிறோம். சிரிக்க வேண்டாம், அதிலுள்ள உப்பும் புளிப்பும் செம்பை நன்றாகச் சுத்தமாக்கும். சுத்தமாகிவிட்டதா என்று அறிய, தகட்டைக் குழாயின் கீழே பிடிப்போம். நீர் திட்டுத் திட்டாக விலகி ஓடினால் இன்னும் பசை இருக்கிறது. ஒரே படலமாகத் தகடு முழுவதும் நின்றால் தயார். சத்திரசிகிச்சைக்கு முன் கை கழுவுவதுபோல இது. பார்க்கிறவருக்கு ஒன்றும் நடக்காத மாதிரித் தெரியும், ஆனால் விட்டால் பின்னால் எல்லாம் கெடும்.

இரண்டாவது மெழுகுப் பூச்சு. தேன்மெழுகு, குங்கிலியம் போன்ற ஒரு பிசின், நிலக்கீல் மூன்றையும் உருக்கிச் செய்த கலவை. தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் மிக மெல்லியதாகப் பரவ விட வேண்டும். பிறகு தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து, கீழே மெழுகுதிரிச் சுடரைக் காட்டி அந்தப் பூச்சைக் கரியேற்றுவார்கள். பட்டறையில் இதை முதல் தரம் பார்த்தபோது மற்ற மாணவர்களுக்கு இது புதினமாக இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் குப்பி விளக்கில் படித்த எங்களுக்குப் புகைக்கரி எப்படிப் படியும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மூன்றாவது கீறுவது. கறுத்த மெழுகின்மேல் ஊசியால் கீறினால், மெழுகு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசி செம்பை வெட்டுவதில்லை, மெழுகை மட்டும் திறக்கிறது. ஆகவே பென்சிலைவிட இலேசாகக் கை ஓடும். உளியால் உலோகத்தை வெட்டிச் செய்யும் பழைய முறையில் இந்த ஓட்டம் கிடைக்காது. ரெம்பிராண்டின் கோடுகள் ஒரு கடிதத்தின் கையெழுத்துப்போல இருப்பதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, படம் இடம் வலம் மாறித்தான் பதியும். எழுத்து இருந்தால் தலைகீழாகத்தான், அதாவது கண்ணாடியில் தெரிவதுபோலத்தான் எழுத வேண்டும். சீ.ரீ. ஸ்கான் படத்தில் நோயாளியின் வலது பக்கம் எங்கள் இடது பக்கமாக இருக்கும், அதைப் பார்த்துப் பழகிய எனக்கு இந்த ஒரு விடயம்தான் கெதியில் பிடிபட்டது.

நான்காவது அமிலம். தகட்டின் பின்புறத்துக்கும் விளிம்புக்கும் வார்னிஷ் பூசி, தகட்டை அமிலத்தில் இட வேண்டும். மெழுகு இருக்கிற இடத்தை அமிலம் தொடாது. கீறித் திறந்த கோடுகளில் மட்டும் செம்பை அரித்துப் பள்ளமாக்கும். நேரம் கூடக்கூடப் பள்ளம் ஆழமாகும், ஆழமானால் மை கூடப் பிடிக்கும், கோடு கறுப்பாக வரும். தூரத்தில் தெரிய வேண்டிய மெல்லிய கோடுகளைச் சில நிமிடங்களில் வெளியே எடுத்து வார்னிஷ் பூசி அடைத்துவிட்டு, முன்னால் இருக்க வேண்டியவற்றை மறுபடி அமிலத்தில் விடுவார்கள். ஓவியர் தூரத்தையும் கிட்டத்தையும் நிறத்தால் காட்டுவார், அச்சோவியர் மணிக்கூட்டால் காட்டுகிறார்.

இந்த இடத்தில் டொக்டர் கொஞ்சம் குறுக்கிட வேண்டும். பழைய பட்டறைகளில் நைத்திரிக் அமிலம் பாவித்தார்கள். அது செம்பைத் தின்னும்போது தகட்டில் குமிழிகள் எழும், அவற்றை ஒரு பறவை இறகால் மெல்லத் தடவி அகற்றுவார்கள். பார்க்க அழகான காட்சி. ஆனால் அப்போது மேலே எழும் கபில நிறப் புகை நைதரசனீரொட்சைட்டு. உயர்தர இரசாயனவியல் படித்த தங்கைமாருக்குத் தெரியும். இதைச் சுவாசித்தவருக்கு முதலில் சிறிய இருமல்தான் வரலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். சில மணித்தியாலங்கள் கழித்துத்தான் நுரையீரலில் நீர் கட்டும். இந்தத் தாமதம்தான் ஆபத்தானது. இன்று பல பட்டறைகள் பெரிக்குளோரைட்டுக் கரைசலுக்கு மாறிவிட்டன. அதில் இந்தப் புகை இல்லை. என்றாலும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதையும் தொடக்கூடாது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு என்ன பொருத்தம் என்று பின்னால் சொல்கிறேன்.

அமிலத்தை விட்டும் கோடு போடலாம். கூரான உருக்கு ஊசியால் செம்பை நேரடியாகவே கீறினால், வயலில் கலப்பை உழும்போது சால் ஓரத்தில் மண் எழுவதுபோல, கோட்டின் இரு பக்கமும் உலோகப் பிசிறு எழும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொண்டு, வெல்வெற்றுப் போன்ற மென்மையான கறுப்பைத் தரும். இதை உலர்கீறல் என்று சொல்லலாம். 'நூறு கில்டர் அச்சு' படத்தில் அமிலக் கோடு, உளிக் கோடு, உலர்கீறல் மூன்றும் இருக்கின்றன. இடது பக்கத்து மனிதர்கள் சில மெல்லிய கோடுகளில் மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறார்கள். வலது பக்கத்து இருள் மிக ஆழமானது. ஆனால் பிசிறுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் நசுங்கும். சில டசின் நல்ல பதிவுகளுக்குப் பிறகு அந்த வெல்வெற்று போய்விடும். அமிலக் கோடு சில நூறு பதிவுகள் தாங்கும்.

ஐந்தாவது கடதாசி. பஞ்சுத் துணியிலிருந்து செய்த உறுதியான கடதாசியை நீரில் ஊறவைத்து, ஒற்றுத்தாளுக்கு நடுவே வைத்து மேலீரத்தை எடுக்க வேண்டும். கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், ஆனால் மினுங்கக் கூடாது. ஈரம் நாரை இளக்கும், இளகிய நார்தான் பள்ளத்துக்குள் இறங்கும். ரெம்பிராண்ட் தன் நல்ல பதிவுகள் சிலவற்றை யப்பான் கடதாசியில் எடுத்திருக்கிறார். மெல்லிய தந்த நிறமும் பட்டின் மினுக்கமும் உள்ள தாள் அது. அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி. அதே கம்பனிதான் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. அதே 1658இல், கடன்பட்டு நொந்துபோன ரெம்பிராண்டின் அம்ஸ்ரடாம் வீடு விற்கப்பட்டது. கம்பனிக்கு நல்ல காலம், கலைஞருக்குக் கெட்ட காலம். அந்த வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே செப்புத் தகட்டில் பதிவெடுக்கும் விதத்தை வருபவர்களுக்குச் செய்து காட்டுகிறார்கள்.

ஆறாவது மை. புகைக்கரியையும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் அரைத்த, களிபோன்ற தடித்த மை. தகட்டை இலேசாகச் சூடாக்கி, எல்லாப் பள்ளத்துக்குள்ளும் போகும்படி அமுக்கிப் பூச வேண்டும். அப்போது தகடு முழுக்கக் கறுப்பாக இருக்கும், இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் போய்விட்டது என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார். பிறகு கஞ்சி போட்ட வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி, வட்டம் வட்டமாகத் துடைக்க வேண்டும். அமர்த்தித் துடைத்தால் பள்ளத்து மையும் வந்துவிடும். கடைசியில் வெறும் உள்ளங்கையால், தோசைக்கல்லைத் தடவுவதுபோல மிக இலேசாகத் தடவி எடுப்பார்கள். எங்கே முழுதாகத் துடைப்பது, எங்கே மெல்லிய மைப் படலத்தை விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். ரெம்பிராண்ட் வேண்டுமென்றே மைப் படலத்தை விட்டு, ஒரே தகட்டிலிருந்து ஒரு பதிவில் மாலையையும் இன்னொரு பதிவில் இரவையும் எடுத்தவர். இந்த இடத்தை மறக்க வேண்டாம், அக்காமாரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஏழாவது அழுத்தம். இரண்டு உருளைகளுக்கு நடுவே ஒரு பலகை ஓடும். அதன்மேல் தகடு, தகட்டின்மேல் ஈரக் கடதாசி, அதன்மேல் தடித்த கம்பளிகள். பெரிய சக்கரத்தைச் சீராக, நடுவில் நிறுத்தாமல் சுற்ற வேண்டும். மறுபக்கம் வந்ததும் கம்பளியை விலக்கி, கடதாசியின் ஒரு மூலையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக உரித்தெடுப்போம். பட்டறையில் எத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு கணம் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். குழந்தை பிறந்து அழுவதற்கு முன் பிரசவ அறையில் வரும் அமைதி அது. கடதாசியில் தகட்டின் விளிம்பு பதிந்து ஒரு சட்டம்போலத் தெரியும். நான் அதைத் தகட்டுத் தழும்பு என்று சொல்வேன். காய்ந்த பிறகு விரலால் தொட்டால் கோடுகள் சிறிது எழும்பி நிற்கும். அது தாளில் பூசிய மை அல்ல, பள்ளத்திலிருந்து தூக்கியெடுத்த மை.

முதல் பதிவு ஒருபோதும் கடைசிப் பதிவாக இருப்பதில்லை. அது சோதனைப் பதிவு. அதைப் பார்த்துவிட்டுத் தகட்டுக்குத் திரும்ப வேண்டும். கூடினதைச் சுரண்டி மெருகிட வேண்டும், குறைந்ததைச் சேர்க்க வேண்டும். இப்படித் தகடு மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு 'நிலை' என்பார்கள். 1653இல் ரெம்பிராண்ட் செய்த 'மூன்று சிலுவைகள்' இதற்குப் பேர்போனது. ஒரு நிலையில் கூட்டமும் ஒளியும் தெளிவாக இருக்கும். பிற்பட்ட நிலையில் பல உருவங்களைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடுகளைக் கொட்டி, நண்பகலையே இருட்டாக்கிவிட்டார். ஓவியத்தில் மேலே பூசினால் பழையது மறைந்துபோகும். அச்சோவியத்தில் ஒவ்வொரு நிலையின் பதிவும் தனியாகத் தங்கிவிடுகிறது. ஒரு மனிதர் மனம் மாறியதை, மாறிய வரிசையிலேயே நாம் பார்க்கலாம்.

திருப்தியான பதிவு வந்த பிறகு, அதை மாதிரியாக வைத்து மற்றவற்றை எடுப்பார்கள். இக்காலத்தில் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் இடப்பக்கம் 12/100 என்று எழுதுவார்கள். நூறில் பன்னிரண்டாவது என்று அர்த்தம். வலப்பக்கம் கலைஞரின் கையெழுத்து. நூறு முடிந்ததும் தகட்டில் குறுக்கே ஆழமாகக் கீறி அதைச் செல்லாததாக்குவார்கள். இந்த இலக்கமிடும் வழக்கம் ரெம்பிராண்ட் காலத்தில் இல்லை. அதனால் என்ன நடந்ததென்றால், அவர் 1669இல் இறந்த பிறகும் அவருடைய தகடுகள் கை மாறி மாறி அச்சாகிக்கொண்டே இருந்தன. தேய்ந்த கோட்டை வேறு ஆட்கள் திரும்பக் கீறி விற்றார்கள். 'நூறு கில்டர் அச்சு'த் தகடு 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் பெய்லி என்ற படை அதிகாரியிடம் வந்தது. அவர் அதைத் திருத்திப் பதிவுகள் எடுத்து விற்றார். பிறகு தகட்டை நான்கு துண்டாக வெட்டி, துண்டு துண்டாகவும் அச்சிட்டார்.  ஆனால் ரெம்பிராண்டின் கையால் வந்த பதிவுகள் அதற்கு முன்பே பல நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. தகடு வெட்டுப்பட்டும் படம் சாகவில்லை.

இப்போது அக்காமாரின் கேள்விக்கு வருகிறேன். ஓவியத்தைப் படமெடுத்து அச்சிட்டால் அது பிரதி. மூலம் எங்கோ ஒரு சுவரில் தொங்கும், எங்களுக்குக் கிடைப்பது அதன் நிழல். நல்ல காரியத்துக்கு அதுவும் உதவும், அதில் குற்றம் இல்லை. ஆனால் கையால் எடுத்த பதிவுக்கு வேறு மூலம் கிடையாது. தகட்டைச் சுவரில் மாட்டினால் அது படம் அல்ல, இடம் வலம் மாறிய ஒரு கருவி. நூறு பதிவு எடுத்தால் நூறும் மூலம். ஒவ்வொன்றையும் ஒருவர் புதிதாக மையிட்டு, துடைத்து, அழுத்தி, உரித்து எடுத்திருக்கிறார், ஆகையால் ஒன்றுபோல ஒன்று இராது. இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் எப்போதும் சொல்லமாட்டார். சாதாரணக் கணினி அச்சில் இலக்கம் எழுதி 'குறிப்பிட்ட எண்ணிக்கை' என்று விற்கிறார்கள். வாங்கப் போனால் ஒரு கைவில்லையைக் கொண்டு போங்கள். வில்லைக்குள் சிறு சிறு நிறப்புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திரப் பிரதி. முழுக்கோடும், எழும்பிய மையும், தகட்டுத் தழும்பும் இருந்தால் நம்பலாம்.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? ஒற்றையாக இருப்பது ஒரே தடவையில் அழியும் என்பது எங்கள் ஊருக்குப் புத்தகத்தில் படித்த பாடம் அல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் இருந்தன. அச்சாகி வேறு ஊர்களுக்குப் போயிருந்த நூல்களை மறுபடி தேடிப் பிடிக்க முடிந்தது. சுவடியைத் தேட இடம் இல்லை. பிறகு 1995 ஒக்ரோபரில் நாங்கள் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் கிளம்பியபோது, எத்தனை வீட்டு அல்பங்கள், தேர்ச்சி அறிக்கைகள், சித்திரக் கொப்பிகள் அலுமாரியிலேயே தங்கிவிட்டன! இங்கிருக்கும் பலரிடம் பத்து வயதுக்கு முந்திய ஒரு படம்கூட இல்லை. இருக்கிறவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது? கனடாவில் இருந்த மாமியின் அல்பத்திலிருந்து. வெளியே அனுப்பியதுதான் மிஞ்சியது.

ஆகையால் எங்கள் நூற்றாண்டு அடையாளம் ஒரு சுவரில் ஒரு படமாக இருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். ரொறன்ரோவில் ஒன்று, மெல்பேணில் ஒன்று, லண்டனில், கொழும்பில், திருகோணமலையில், மட்டக்களப்பில், இந்த மண்டபத்தில் ஒவ்வொன்று. எதுவும் மற்றதன் பிரதி அல்ல.

இனித் திட்டத்தின் நடைமுறை. பெற்றோர் சிலர் அமிலத்தை நினைத்துப் பயப்படலாம். எங்கள் சித்திர அறைக்குள் அமிலம் வராது. இதை ஒரு தாயாகவும் டொக்டராகவும் சொல்கிறேன். லினோவும் உலர்கீறலும் போதும். நூறு பதிவுகளையும் லினோவில் எடுப்பது நல்லது, பிசிறு தேயும் பிரச்சினை அதில் இல்லை. உலர்கீறலைத் தடித்த பிளாஸ்ரிக் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் பிள்ளைகள் பழகலாம். செதுக்கும்போது லினோவைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும், மேசையில் ஒரு தடுப்புப் பலகை பூட்ட வேண்டும், காற்றோட்டத்துக்கு யன்னல் திறந்திருக்க வேண்டும். மையைச் சமையல் எண்ணெயாலும் சவர்க்காரத்தாலும் கழுவலாம், மண்ணெண்ணெயோ தின்னரோ தேவையில்லை. ஒரு சிறிய கை அச்சுப்பொறி ஒழுங்காக எண்ணெயிட்டுப் பாவித்தால் இந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் உழைக்கும்.

படத்தை யார் கீறுவது? பிள்ளைகளே. என்ன படம் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். நாங்கள் மண்டபத்தின் முகப்பைத்தான் கேட்போம், அவர்கள் கன்ரீன் வாசலைக் கீறினால் அதையும் ஏற்றுக்கொள்வோம். நூறு எடுத்து முடிந்ததும் லினோவில் குறுக்கே ஒரு வெட்டு வெட்டி, வெட்டியபடியே அதைக் கல்லூரியின் காட்சிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். "நல்லாய் இருக்கிறதே, இன்னும் ஐம்பது எடுப்போம்" என்று பின்னால் வரும் செயற்குழு ஆசைப்படலாம். அப்படிச் செய்தால், கீழே எழுதிய 100 என்ற இலக்கம் பொய்யாகிவிடும். பிள்ளைகளின் கையெழுத்துக்குப் பக்கத்தில் பொய் நிற்கக்கூடாது.

விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்போடு சித்திரத்தைக் கைவிடச் சொல்லாதீர்கள். மருத்துவபீடத்துக்கு வரும் பிள்ளைகள் பாடம் நன்றாகச் சொல்வார்கள். ஆனால் ஒரு நோயாளியின் நெஞ்சில் கை வைத்ததும், எவ்வளவு அமர்த்துவது, எங்கே நிறுத்துவது என்பதைப் புத்தகம் சொல்லித்தராது. கை பழகித்தான் வரும். தகட்டைத் துடைக்கும் உள்ளங்கைக்கும் வயிற்றைத் தடவிப் பார்க்கும் உள்ளங்கைக்கும் தேவைப்படுவது ஒரே கவனம்தான். அத்தோடு, வேகமாக ஓடும் இந்தக் காலத்தில், நாலு நாள் செய்த வேலை சரியா பிழையா என்று ஐந்தாம் நாள்தான் தெரியும் என்ற பொறுமையைப் பழக வேறு எந்தப் பாடவேளை இருக்கிறது?

சங்கம் உங்களிடம் கேட்பது மூன்று. அச்சுப்பொறிக்கு உங்களால் இயன்ற பங்கு. ஊருக்கு வரும்போது சித்திர அறைக்கு ஒரு நாள், சக்கரம் சுற்றுவதற்கு ஆள் தேவைப்படும். மூன்றாவது, உங்களுக்குக் கிடைக்கும் பதிவைச் சுருட்டி அலுமாரியில் வைக்காமல், வெயில் நேரே படாத ஒரு சுவரில் மாட்டுங்கள். பார்க்க வருபவர் இது என்ன என்று கேட்டால், வெண்டிக்காயில் தொடங்கி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.